பைத்தியக்காரன் யார்? பெய்ஜிங்கில் ஒரு செங்கல், டெல்லியில் ஒரு கோபுரம்!

பட்டப்பகலில், ஜன நடமாட்டம் மிகுந்த வீதியில் ஒருவன் தூசு உறிஞ்சும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போகிறான். அவன் தரையையும் கூட்டவில்லை, கடையையும் துடைக்கவில்லை. குழாயின் வாயை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்திருக்கிறான். காற்றைச் சுத்தம் செய்கிறானாம்! ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. நூறு நாட்கள்!

இவனைப் பார்த்தால் நாம் என்ன சொல்வோம்? "பாவம், புத்தி பேதலித்துவிட்டது" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப் போவோம்.

சரி, இன்னொரு காட்சியைப் பாருங்கள். நாட்டின் தலைநகரில், கோடீஸ்வரர்கள் கடை வைத்திருக்கும் கன்னாட் பிளேஸில், 24 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் எழும்பி நிற்கிறது. அதற்குள் 40 ராட்சத விசிறிகளும் ஆயிரக்கணக்கான ஃபில்டர்களும் இருக்கின்றன. மேலேயிருந்து அழுக்குக் காற்றை இழுத்து, வடிகட்டி, கீழே நல்ல காற்றாக விடுமாம். செலவு 20 கோடி ரூபாய்க்கும் மேல். 2021 ஆகஸ்ட் 23ஆம் தேதி டெல்லி முதலமைச்சராக இருந்த அரவிந்த் கெஜ்ரிவால் அதைத் திறந்து வைத்தார். பதினைந்தே நாட்களில், செப்டம்பர் 7ஆம் தேதி, ஆனந்த் விஹாரில் மத்திய அரசின் சார்பில் இன்னொரு கோபுரத்தை மத்திய அமைச்சர் பூபேந்தர் யாதவ் திறந்து வைத்தார். எதற்கெடுத்தாலும் எலியும் பூனையுமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அன்றைய இரண்டு அரசுகளும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணன் தம்பிகளாகிவிட்டன!

இவர்களைப் பார்த்து நாம் என்ன சொன்னோம்? "ஆஹா, விஞ்ஞான சாதனை" என்று சொன்னோம்.

வாசகர்களே, சற்று நிதானமாக யோசியுங்கள். இரண்டு பேரும் செய்த வேலை ஒன்றுதான். திறந்த வெளியில் இருக்கும் காற்றைக் குழாய் வைத்து உறிஞ்சுகிற வேலை! ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. முதலாமவன் இது வீண் வேலை என்று தெரிந்தே, ஊருக்கு உணர்த்துவதற்காகச் செய்தான். இவர்களோ நம் வரிப்பணத்தை எடுத்துத் தீர்வு என்ற பெயரால் செய்தார்கள்.

அப்படியானால் பைத்தியக்காரன் யார்?

நூறு நாள் உழைப்பு, ஒரே ஒரு செங்கல்!

அந்த மனிதன் 'நட் பிரதர்' என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்ட சீனக் கலைஞன். 2015ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் தொடங்கி, 1,000 வாட் சக்தி கொண்ட இயந்திரம் ஒன்றைத் தினமும் சுமார் நான்கு மணி நேரம் பெய்ஜிங் வீதிகளில் இயக்கினான். தியானென்மென் சதுக்கம் உட்பட நகரின் முக்கிய இடங்களுக்கெல்லாம் அதை இழுத்துக்கொண்டு போனான். நவம்பர் மாதக் கடைசியில், சேர்ந்த தூசியைக் களிமண்ணோடு பிசைந்து செங்கல் சூளையில் கொடுத்துச் சுட்டு எடுத்தான். கிடைத்தது ஒரே ஒரு செங்கல்!

அந்தச் செங்கலைப் பற்றிய செய்தி உலகமெங்கும் பரவிய அதே நாட்களில் பெய்ஜிங் நகரம் நச்சுப்புகையில் மூழ்கிக் கிடந்தது. டிசம்பர் 8ஆம் தேதி அந்நகர வரலாற்றிலேயே முதன்முறையாகச் 'சிவப்பு எச்சரிக்கை' அமலுக்கு வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாதிக் கார்கள் வீதிக்கு வரத் தடை போடப்பட்டது. நூறு நாள் உறிஞ்சியும் காற்று ஒரு இம்மியளவும் மாறவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அவன் அரசாங்கத்தைத் திட்டவில்லை, கோஷம் போடவில்லை, துண்டறிக்கை அச்சடிக்கவில்லை. சீனாவில் அவற்றையெல்லாம் செய்தால் என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு செங்கலை எடுத்துக் காட்டினான், அவ்வளவுதான். ஆயிரம் பக்க அறிக்கை சொல்லாததை அந்தச் செங்கல் சொல்லிவிட்டது. "உங்கள் நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருப்பது இதுதான். இதைக் குழாய் வைத்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அவர் கையில் இந்தச் செங்கலைக் கொடுங்கள்!"

அவனுக்கு முன்னாலும் சிலர் இதே வழியில் கேலி செய்தார்கள். மாட் ஹோப் என்ற ஆங்கிலேயக் கலைஞர் 2013இல் பெய்ஜிங்கில் ஒரு சைக்கிளை உருவாக்கினார். பெடலை மிதித்தால் மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரத்தில், குப்பைக்கூடையைக் கொண்டு செய்த ஃபில்டர் ஒன்று இயங்கும். சுத்தமான காற்று ஒரு குழாய் வழியாக, போர் விமானி அணிகிற முகமூடிக்குள் வரும். அதாவது, மூச்சு வாங்க மிதித்தால்தான் மூச்சுவிட நல்ல காற்று கிடைக்கும்! 2014இல் லியாங் கெகாங் என்ற கலைஞர் பிரான்ஸ் நாட்டின் புரொவான்ஸ் பகுதியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் வெறும் காற்றை அடைத்துக்கொண்டு வந்து பெய்ஜிங்கில் ஏலம் விட்டார். 5,250 யுவானுக்கு அது விலை போனது! காற்றைக்கூடக் காசு கொடுத்து வாங்கும் நிலைக்கு மனிதனைக் கொண்டுவந்து விட்டீர்களே என்று கன்னத்தில் அறைந்தாற்போல் கேட்டது அந்த ஜாடி.

இவையெல்லாம் வெறும் வேடிக்கையல்ல. வாய் திறந்து கேட்க முடியாத இடத்தில், வேடிக்கையின் வேடம் போட்டு வந்த கேள்விகள்.

கேலி எது, நிஜம் எது?

இந்தச் செங்கலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இன்னொரு பொருள் இருக்கிறது. அது ஒரு மோதிரம்! டான் ரோசகார்ட என்ற நெதர்லாந்துக் கலைஞர் 2015இல் ராட்டர்டாம் நகரில் 7 மீட்டர் உயரத்தில் காற்றைச் சுத்தம் செய்யும் கோபுரம் ஒன்றை நிறுவினார். மணிக்கு 30,000 கன மீட்டர் காற்றை அது வடிகட்டும் என்றார். 2016இல் அது பெய்ஜிங்குக்கும் வந்தது. வடிகட்டியதில் கிடைத்த கரியை இறுக்கி, கண்ணாடி போன்ற கட்டிக்குள் பதித்து, மோதிரமாக்கி விற்றார்கள்.

அவரது எண்ணத்தை நாம் குறை சொல்லவில்லை. மக்கள் கவனத்தைத் திருப்ப அதுவும் பயன்பட்டிருக்கலாம். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். செங்கல் "இது நடக்காது" என்று சொன்னது. மோதிரமோ "நடக்கும், கவலைப்படாதே, விரலில் போட்டுக்கொள்" என்று சொன்னது. ஆட்சியாளர்களுக்கு எது பிடிக்கும்? கேள்வி கேட்கும் செங்கலா, தாலாட்டுப் பாடும் மோதிரமா? சொல்லவே வேண்டியதில்லை. டெல்லியின் கோபுரங்கள் எந்தக் குடும்பத்து வாரிசு என்பது பார்த்தாலே தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

"எங்கள் கோபுரம் வினாடிக்கு 1,000 கன மீட்டர் காற்றைச் சுத்தம் செய்யும்" என்று பெருமையடித்தார்கள். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. அவர்கள் சொன்ன கணக்கையே அப்படியே ஏற்றுக்கொண்டு பார்ப்போம்.

டெல்லியின் பரப்பளவு 1,483 சதுர கிலோமீட்டர். வானம் முழுவதையும் விட்டுவிடுவோம். தரையிலிருந்து வெறும் 100 மீட்டர் உயரத்துக்கு மட்டும் உள்ள காற்றை எடுத்துக்கொள்வோம். அதுவே 14,830 கோடி கன மீட்டர்! ஒரு கோபுரம் இரவு பகல் ஓயாமல் ஓடினால் ஒரு நாளைக்கு 8.64 கோடி கன மீட்டர். அப்படியானால் டெல்லியின் காற்றை ஒரே ஒரு முறை வடிகட்டி முடிக்க 1,716 நாட்கள், அதாவது நான்கு ஆண்டு எட்டு மாதங்கள் பிடிக்கும்!

அதுவரை காற்று அங்கேயே கைகட்டி நிற்குமா? மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் இளங்காற்று வீசினாலே, ஏழு மணி நேரத்தில் ஊரின் காற்றெல்லாம் வெளியேறி, அண்டை மாநிலங்களின் புகை உள்ளே வந்துவிடும். அந்த ஏழு மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டுமானால் ஏறக்குறைய 5,900 கோபுரங்கள் தேவை. ஒன்றுக்கு 20 கோடி என்று வைத்தால்கூட 1,18,000 கோடி ரூபாய்! அதுவும் அடுத்த ஏழு மணி நேரத்தில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட ஐ.ஐ.டி.யில் படித்திருக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு மாணவனுக்குத் தெரிந்த பெருக்கலும் வகுத்தலும் போதும். அப்படியிருக்க, ஆட்சியாளர்களுக்கு மட்டும் தெரியாமல் போனது எப்படி?

திறக்கும்போது ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குப் பலன் கிடைக்கும் என்றார்கள். 2023இல் டெல்லி மாசுக்கட்டுப்பாட்டுக் குழுவே பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் சொன்னது என்ன? 100 மீட்டர் சுற்றளவில் சுமார் 17 சதவீதம் குறையும் என்பதுதான்! அதே ஆண்டு நவம்பரில், புகை உச்சத்தில் இருந்த நேரத்தில், கோபுரம் ஓடாமல் பூட்டிக் கிடந்தது. அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள் என்று சுற்றுச்சூழல் அமைச்சரே புகார் சொன்னார். மறுபடி ஓடவிடச் சொல்லி உச்சநீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் மடக்கி வைத்த குடை என்பது இதுதானோ!

இன்னொரு வேதனையும் உண்டு. அந்த விசிறிகள் சுழல மின்சாரம் வேண்டும். நம் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. எங்கோ ஒரு கிராமத்தில் புகையைக் கக்கினால்தான் கன்னாட் பிளேஸில் புகையை உறிஞ்ச முடியும். எவன் நுரையீரலை எடுத்து எவன் நுரையீரலுக்குக் கொடுக்கிறீர்கள்?

கோபுரம் போய் மேகம் வந்தது!

ஆட்சி மாறினால் புத்தி மாறும் என்று பார்த்தால், வேஷம்தான் மாறியது. 2025 அக்டோபர் 28ஆம் தேதி, கான்பூர் ஐ.ஐ.டி.யின் துணையோடு விமானத்தில் ஏறி மேகத்தில் ரசாயனம் தூவினார்கள். செயற்கை மழை பெய்து புகையைக் கழுவிவிடுமாம்! மேகத்தில் போதிய ஈரப்பசை இல்லை. மழை பெய்யவில்லை. வறண்ட குளிர்காலத்தில்தான் டெல்லியில் புகை சூழ்கிறது. செயற்கை மழைக்கோ ஈரமான மேகம் வேண்டும். புகை இருக்கும்போது மேகம் இராது, மேகம் இருந்தால் இயற்கையே மழையைக் கொடுத்துவிடும். இந்தச் சின்ன விஷயம் விமானம் கிளம்புவதற்கு முன்னால் யாருக்கும் தோன்றவில்லையா?

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறார்கள்!

இவ்வளவு வேடிக்கைகளுக்கும் பின்னால் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. கோபுரம் பயனற்றது என்பது சின்னக் குற்றம். அந்தக் கோபுரத்தின் நிழலில் என்ன நடந்தது என்பதுதான் பெரிய குற்றம்.

2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. அனல் மின் நிலையங்கள் கக்கும் கந்தக வாயுவைப் புகைபோக்கியிலேயே பிடித்து நிறுத்தும் கருவியை இரண்டே ஆண்டுகளில் பொருத்த வேண்டும் என்றது. ஏனெனில் இந்த வாயு காற்றில் கலந்த பிறகு நுண்துகளாக மாறி நுரையீரலின் அடிவரை போகிறது. 2017 வந்தது, பொருத்தவில்லை. அவகாசம் கொடுத்தார்கள். மறுபடி அவகாசம், மறுபடியும் அவகாசம். கடைசியில் 2025 ஜூலையில் ஒரே போடாகப் போட்டார்கள். ஏறக்குறைய 78 சதவீத மின் நிலையங்களுக்கு இந்தக் கருவியே தேவையில்லை என்று விலக்கு அளித்துவிட்டார்கள்! நம் நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு, செலவு அதிகம், மின்கட்டணம் உயரும் என்பது அரசு சொன்ன காரணம். அப்படியானால் பத்து வருடங்களுக்கு முன் ஆணை பிறப்பித்தபோது இதே நிலக்கரியைத்தானே எரித்தீர்கள்? அப்போது தெரியாத கணக்கு இப்போது எப்படித் தெரிந்தது?

புகை வெளியேறும் குழாயின் வாயைத் திறந்துவிட்டு, ஊருக்கு நடுவில் விசிறி வைப்பவர்களை என்னவென்று சொல்வது? அடுப்பில் சட்டி தீய்ந்து வீடெல்லாம் புகை மண்டுகிறது. அடுப்பை அணைக்காமல், வாசலில் உட்கார்ந்துகொண்டு முறத்தால் விசிறுகிற மருமகளை நம் வீட்டுப் பெரியம்மாக்கள் சும்மா விடுவார்களா?

தேசிய அளவிலும் இதே கதைதான். 2019இல் தேசிய தூய காற்றுத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கான நிதி எங்கே போனது என்று டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் ஆராய்ந்து பார்த்தது. 64 சதவீதம் ரோட்டுத் தூசிக்கு! சாலை போடவும் தண்ணீர் தெளிக்கவும் துடைப்ப வண்டி வாங்கவும்! தொழிற்சாலைப் புகைக்குச் செலவிட்டது ஒரு சதவீதம்கூட இல்லை. தூசி ஏழை, அதற்கு வக்கீல் கிடையாது. தொழிற்சாலைக்கு முதலாளி இருக்கிறார். விஷயம் இவ்வளவுதான்!

"நீங்கள் விஞ்ஞானத்துக்கு எதிரிகளா?"

இப்படி எழுதினால் சில அறிவுஜீவிகள் உடனே கிளம்பி வருவார்கள். "தொழில்நுட்பமே வேண்டாம் என்கிறீர்களா? மாட்டு வண்டிக் காலத்துக்குப் போகச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள்.

இல்லை. நாம் இயந்திரத்துக்கு எதிரிகள் அல்ல. புகைபோக்கியின் வாயில் பொருத்துகிற கருவியும் தொழில்நுட்பம்தான். ஈய பெட்ரோலை ஒழித்ததும், பஸ்களை எரிவாயுவுக்கு மாற்றியதும் தொழில்நுட்பம்தான். அவையெல்லாம் குற்றவாளியின் கையைப் பிடிக்கின்றன. கோபுரமோ குற்றவாளியைத் தப்பவிட்டு, ரத்தக் கறையைத் துடைக்கிறது. விஞ்ஞானத்தைச் சரியான இடத்தில் வைக்கச் சொல்வது எப்படி விஞ்ஞான விரோதம் ஆகும்?

"ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு ஏதோ கொஞ்சம் செய்வது நல்லதுதானே?" என்று இன்னும் சிலர் கேட்பார்கள். இதுதான் மிகவும் ஆபத்தான வாதம். நோயாளிக்கு மருந்து கொடுக்கவில்லை என்றால் அவன் வேறு டாக்டரைத் தேடிப் போவான். வெறும் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்து 'இதுதான் மருந்து' என்று நம்ப வைத்தால் அவன் எங்கும் போகமாட்டான், செத்துப்போவான். கோபுரம் சுத்தப்படுத்தியது காற்றை அல்ல. ஆட்சியாளர்களின் பெயரைத்தான்!

வழி இல்லையா என்றால், உண்டு. 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் சூழ்ந்த நச்சுப்புகையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அவர்கள் விசிறி வைக்கவில்லை. 1956இல் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்து, வீட்டு அடுப்புகளிலும் ஆலைகளிலும் எரிந்த கரியைக் கட்டுப்படுத்தினார்கள். பெய்ஜிங்கையே பாருங்கள். 2013இல் அந்நகரின் பி.எம். 2.5 நுண்துகள் சராசரி 89.5 மைக்ரோகிராம். 2024இல் அது 30.5! எப்படி வந்தது? கோபுரத்தாலா, மோதிரத்தாலா? நிலக்கரிக் கொதிகலன்களை அகற்றினார்கள், ஆலைகளை மூடினார்கள், நகருக்குள் இருந்த கடைசி நிலக்கரி மின் நிலையத்தையும் 2017இல் நிறுத்தினார்கள். செங்கல் சொன்னதுதான் கடைசியில் வேலை செய்தது!

அங்கேயும் அநியாயம் நடக்காமல் இல்லை. 2017 குளிர்காலத்தில், மாற்று எரிவாயு வந்து சேருமுன்பே கரியைத் தடை செய்ததால், பெய்ஜிங்கைச் சுற்றியுள்ள ஹெபெய் மாகாணத்துக் கிராமங்கள் குளிரில் விறைத்தன. வகுப்பறைக்குள் குளிர் தாங்காமல் பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து படித்தார்கள். நல்ல காரியத்தையும் ஏழையின் முதுகில் ஏற்றித்தான் செய்வார்கள் என்பதற்கு அது பாடம். நாம் அந்தப் பிழையையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

மூச்சிலும் மேல்தட்டு, கீழ்தட்டா?

காற்று எல்லோருக்கும் பொது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் டெல்லியில் நடப்பது வேறு. அமைச்சர் அறையில் காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டி ஓடுகிறது. ரிக்ஷா இழுப்பவனுக்கு? தெருவில் பழம் விற்பவளுக்கு? பாலத்தின் அடியில் படுத்துறங்குகிறவனுக்கு? காற்று மோசமானால் முதலில் நிறுத்தப்படுவது கட்டட வேலை. அன்றாடங்காய்ச்சிக் கூலிக்காரன் அதே நச்சுக்காற்றைச் சுவாசித்தபடி, அன்றைய கூலியையும் இழக்கிறான். இழந்த கூலிக்கு உதவித்தொகை கொடுங்கள் என்று 2024இல் உச்சநீதிமன்றம் மாநிலங்களை அதட்ட வேண்டியிருந்தது. மின் நிலையத்துக்குப் பத்து வருட அவகாசம்; சித்தாளுக்குப் பத்து நிமிட அவகாசம்கூட இல்லை!

இது கௌரவப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. 2021ஆம் ஆண்டில் மட்டும் காற்று மாசினால் உலகில் 81 லட்சம் பேரும், அதில் இந்தியாவில் 21 லட்சம் பேரும் இறந்ததாகச் சர்வதேச ஆய்வறிக்கை கணக்கிட்டது. ஒரு போரில் இத்தனை பேர் செத்தால் நாடு சும்மா இருக்குமா? மூச்சுத் திணறிச் செத்தால் மட்டும் ஏன் மௌனம்?

2018 நவம்பரில் டெல்லி சர் கங்காராம் மருத்துவமனை வாசலில் ஒரு நுரையீரல் வைக்கப்பட்டது. ஃபில்டர் துணியால் செய்யப்பட்ட, ஆள் உயரத்துக்கும் பெரிதான வெள்ளை வெளேரென்ற நுரையீரல். காற்றை உள்ளிழுக்கப் பின்னால் விசிறிகள் இருந்தன. சில நாட்களிலேயே அது கன்னங்கரேலென்று ஆனது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அதே நகரில் கோபுரம் வந்தது. அந்த நுரையீரலைப் பார்த்தவர்களில் ஆட்சியாளர்கள் இருந்திருந்தால், அவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். விசிறியும் ஃபில்டரும்! கறுத்துப்போன நுரையீரல் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவைதான்:

1. கோபுரங்களுக்கும் மேகத்துக்கும் எவ்வளவு செலவானது, எத்தனை நாள் பலன் கிடைத்தது என்ற கணக்கை மக்கள் முன் வையுங்கள்.

2. மின் நிலையங்களுக்குக் கொடுத்த விலக்கைத் திரும்பப் பெறுங்கள்.

3. தூய காற்றுக்கான நிதியைப் புகையின் பிறப்பிடத்தில் செலவிடுங்கள்.

4. தடை போடும் நாளிலேயே கூலித் தொழிலாளியின் கையில் அன்றைய கூலியைக் கொடுங்கள்.

இவற்றைக் கேட்டால் நம்மையும் பைத்தியக்காரர்கள் என்பார்கள். சொல்லட்டும். நூறு நாள் வீதியில் அலைந்தவனையும் அப்படித்தான் பார்த்தார்கள். அவன் கையில் கடைசியில் ஒரு செங்கலாவது மிஞ்சியது. 20 கோடிக்கு மேல் செலவழித்த இவர்களிடம் மிஞ்சியது என்ன?

சிந்திப்பீர்!